வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் பள்ளி உள்ளரங்கம்: எப்படிக் கேட்டால் திறப்பார்கள்?

இறகுப்பந்து_ஞாயிறு (இழையைத் தொடங்கியவர்) | வெள்ளி, இரவு 9:40

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நாங்கள் 26 பேர் கொண்ட பேட்மிண்டன் குழு. லாபத்துக்காக நடத்துவது கிடையாது. ஷட்டிலுக்கும் நெட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி ஆடுகிறோம். பதினான்கு வயதுப் பையனும் இருக்கிறான், அறுபத்தெட்டு வயது அம்மாவும் இருக்கிறார். இதுவரை திறந்தவெளியில்தான் ஆட்டம். ஷட்டிலின் எடை 5 கிராம் அளவுதான், லேசாகக் காற்று அடித்தாலே எங்கோ போய் விழும். மழைக்காலம் வந்தால் மாதக்கணக்கில் ஆட்டமே கிடையாது.

நாங்கள் ஆடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அரசுப் பள்ளியின் உள்ளரங்கம் இருக்கிறது. மூன்று கோர்ட் போடலாம். வெள்ளி மாலை 4 மணிக்குப் பூட்டினால் திங்கள் காலை 8 மணிக்குத்தான் திறக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 64 மணி நேரம். வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த விளக்குகளும் தரையும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கின்றன.

மூன்று முறை கடிதம் கொடுத்தோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதுக்கு 'பரிசீலிக்கிறோம்'. மூன்றாவதுக்கு ஒரே வரி: 'வெளியாருக்கு அனுமதி இல்லை.' பொதுமக்களின் வரிப்பணத்தில் கட்டிய கட்டடத்தில் நாங்கள் வெளியாராம். அந்த வார்த்தை மனதைத் தைத்துவிட்டது.

பள்ளி அரங்கத்தை வார இறுதியில் பயன்படுத்தும் குழுக்கள் இங்கே இருந்தால், எப்படிச் சாதித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

---

விசில்_வாத்தியார் | வெள்ளி, இரவு 10:25

தம்பி, முப்பத்தோரு வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தோன்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

தலைமை ஆசிரியர் உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அவர் மனதில் ஓடுவது விளையாட்டைப் பற்றிய எண்ணம் இல்லை. சாவி யாரிடம் இருக்கும்? யாராவது விழுந்து காலை முறித்துக்கொண்டால் யார் பொறுப்பு? திங்கள் காலையில் தரை எப்படி இருக்கும்? இந்த மூன்றுக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இருந்ததா? இருந்திருக்காது. நான் பார்த்த கடிதங்களில் பத்துக்கு ஒன்பது 'எங்களுக்கு இடம் தாருங்கள், இளைஞர் நலனுக்கு உதவுங்கள்' என்பதோடு முடிந்துவிடும்.

தரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் லேசாக நினைப்பது அதைத்தான். மரத்தளம் உயிருள்ளது மாதிரி. காற்றில் ஈரம் கூடினால் உப்பும், குறைந்தால் சுருங்கி இடைவெளி விடும். மேப்பிள் பலகை போட்ட அரங்கமென்றால் உள்ளே ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வெளியில் போட்டு நடந்த ஷூவோடு ஒருவர் உள்ளே வந்தால் போதும், அடியில் ஒட்டியிருக்கும் மணல் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். மேல்பூச்சு போனால் பலகை நேரடியாக ஈரத்தைக் குடிக்கும்.

இன்னொன்று. ஆடி முடித்த குழு 'சுத்தமாக விட்டுவிட்டுப் போகிறோம்' என்று நல்லெண்ணத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகும். அதுதான் பெரிய கெடுதல். ஜப்பானில் வாலிபால் மாதிரி ஆட்டங்களில் தரையில் பாய்ந்து சறுக்கியவர்களின் உடம்பில் பலகைச் சிராய் பாய்ந்து பெரிய காயம் ஏற்பட்ட சம்பவங்கள் நடந்தன. 2017ல் அங்கே நுகர்வோர் பாதுகாப்பு விசாரணைக் குழு அவற்றை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. தண்ணீர் விட்டுத் துடைப்பதையும் மெழுகு போடுவதையும் தவிர்க்கச் சொல்லிப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தினார்கள். உலர்ந்த அகலத் துடைப்பம் போதும். வியர்வை சிந்தினால் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தெரிந்த குழு என்று உங்கள் கடிதம் காட்டட்டும். படிக்கிற மனிதருக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

---

சாவிக்கொத்து | வெள்ளி, இரவு 11:50

நான் ஒரு பள்ளியில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இந்த மாதிரி இழைகளில் எங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

'சும்மா கதவைத் திறந்துவிட்டால் போதும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு குழு வருகிறதென்றால் நான் 6:15க்கு அங்கே இருக்க வேண்டும். எச்சரிக்கை மணியை அணைக்க வேண்டும். அவசர வழிக் கதவுகள் உள்ளிருந்து தள்ளினால் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கழிவறையைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பறைப் பக்கம் போகும் வழியைப் பூட்ட வேண்டும். கூடைப்பந்து வளையத்தை மேலே ஏற்ற வேண்டும். ஆட்டம் முடிந்து கடைசி ஆள் போன பிறகு குழாய், விளக்கு, ஜன்னல், கழிவறைக்குள் யாரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்பது வரை பார்த்துவிட்டுத்தான் பூட்ட முடியும். பத்து நிமிஷம் தாமதமாக முடித்தாலும் பரவாயில்லை என்று ஆடுகிறவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷம் என்னுடையது.

எங்கள் பள்ளியில் ஒரு வருஷம் வார இறுதியில் அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். எனக்குக் கூடுதல் ஊதியம் என்று ஒன்றும் இல்லை. 'ஊருக்கு நல்லது செய்கிறோம், கொஞ்சம் ஒத்துழையுங்கள்' என்றார்கள். ஏழு மாதம் ஞாயிறு என்ற ஒன்றே எனக்கு இல்லை. என் பெண்ணின் பிறந்த நாளன்று கூட அரங்கத்து வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது மாதம் முடியாது என்று சொன்னேன். அரங்கம் மூடப்பட்டது. 'பராமரிப்பாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குழுக்களுக்குக் காரணம் சொன்னார்கள். ஆடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் வருத்தம்.

---

இறகுப்பந்து_ஞாயிறு | சனி, காலை 6:30

அண்ணா, காலையில் எழுந்ததும் உங்கள் பதிவைத்தான் படித்தேன். மூன்று கடிதம் எழுதியவன் நான், ஒன்றில் கூட கதவைத் திறக்கப் போகிறவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர் பெயர் கூட எனக்குத் தெரியாது. மன்னியுங்கள். அடுத்து அந்தப் பள்ளிக்குப் போகும்போது முதலில் அவரைத்தான் பார்க்கப் போகிறேன்.

வாத்தியார் ஐயா, ஈரத்துணி விஷயம் எங்கள் யாருக்குமே தெரியாது. நாங்களும் அப்படித்தான் துடைத்திருப்போம்.

---

கோப்பும்_முத்திரையும் | சனி, காலை 10:15

கல்வி நிர்வாக அலுவலகத்தில் இடம் ஒதுக்கும் பிரிவில் இருந்தவன். சாவிக்கொத்து சொன்னதுதான் முழு விஷயத்தின் முடிச்சு. வார இறுதியில் அரங்கம் பூட்டிக் கிடப்பதற்கு மனசில்லாதது காரணம் என்று மக்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், திறக்கிறவரின் ஊதியம் யாருடைய கணக்கில் வரும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பள்ளிக்குக் கிடைக்கும் பணம் பாடம் நடத்த. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வாலிபாலுக்கு எடுத்துக் கொடு என்று ஒரு தலைமை ஆசிரியரிடம் கேட்டால் அவர் எப்படிச் சரி சொல்வார்?

வேறு இடங்களில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால் புரியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2004ல் பள்ளிகளைச் சமூகப் பயன்பாட்டுக்குத் திறக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் வழி எளிமையானது: மாகாணமே பள்ளி வாரியங்களுக்கு நிதி கொடுத்தது, வாரியங்கள் லாப நோக்கற்ற குழுக்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தன. ஓட்டையை யாராவது அடைத்தால்தான் கதவு திறக்கும் என்று புரிந்துகொண்டு செய்தது அது.

கலிபோர்னியாவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. பள்ளிக் கட்டடமும் மைதானமும் சமூகத்துக்கான பொது மையம் என்றே அதில் எழுதியிருக்கிறார்கள். சிறுவர் சிறுமியர் நலனுக்காக இயங்கும் அமைப்புகளுக்கு இலவசமாகக் கூடத் தரலாம். மற்ற சமூகக் குழுக்களிடம் நேரடிச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. மின்சாரம், பராமரிப்பாளர் நேரம் எல்லாம் அந்த நேரடிச் செலவுக்குள் வரும். நுழைவுக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணம் மாணவர் நலனுக்கோ அறப்பணிக்கோ போகவில்லை என்றால் வாடகை மதிப்பையே கொடுக்க வேண்டும். இந்தப் படிநிலை எனக்குப் பிடிக்கும். 'இலவசமா, கட்டணமா' என்ற சண்டையை விட்டு, யாருக்கு எவ்வளவு என்று பேச வைக்கிறது.

ஜப்பானில் 2011ல் வந்த விளையாட்டு அடிப்படைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கல்விக்கு இடையூறு இல்லாத அளவுக்குப் பள்ளி விளையாட்டு வசதிகளைப் பொதுமக்களுக்குத் திறக்க முயல வேண்டும் என்கிறது. 1961ல் வந்த முந்தைய சட்டத்திலேயே இதே கருத்து இருந்தது. அந்த நாட்டில் இருக்கும் விளையாட்டு வசதிகளில் ஏறத்தாழ 60 சதவீதம் பள்ளிகளில்தான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்திலும் ஏறத்தாழ 40 சதவீதம் பள்ளி வாசலுக்கு உள்ளேதான். எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு மக்கள் உடம்பை அசைப்பதில்லை என்று கவலைப்படுவதில் என்ன பலன்?

ஆக, இறகுப்பந்து_ஞாயிறு, நீங்கள் தலைமை ஆசிரியரோடு நின்றுவிடாதீர்கள். அவருக்கு மேலே இருக்கும் நிர்வாகத்திடம் போங்கள். அவரைத் தாண்டிப் போகிற மாதிரி இல்லாமல், அவரிடம் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

தரைத்தளம்_வீடு | சனி, மதியம் 1:05

என் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. வெளியாட்கள் வந்து போகும் கழிவறையையும் உடை மாற்றும் அறையையும்தான் திங்கள்கிழமை பிள்ளைகள் பயன்படுத்துவார்கள். யார் வந்தார்கள், எங்கே போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதைவிட முக்கியமானது ஒன்று. அந்தப் பள்ளிப் பிள்ளைகளே வார இறுதியில் தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் திறக்காத கதவைப் பெரியவர்களுக்கு ஏன் திறக்க வேண்டும்?

---

விசில்_வாத்தியார் | சனி, மதியம் 2:30

உங்கள் இரண்டாவது கேள்வி மிகச் சரியானது. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒரு குழுவிடம் சொன்னேன்: 'சனிக்கிழமை முதல் ஒரு மணி நேரம் இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. உங்களில் இரண்டு பேர் வந்து சொல்லிக் கொடுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் உங்களுக்கு.' ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு வந்த பிள்ளைகள் நாற்பது பேர் வரை போனார்கள். பெற்றோரே காவலுக்கு உட்கார்ந்தார்கள். யார் வெளியாள், யார் உள்ளாள் என்ற பேச்சே அதற்கப்புறம் எழவில்லை.

முதல் கேள்விக்கும் வழி உண்டு. அரங்கத்துக்கு வெளிவாசல் தனியாக இருந்தால் அது மட்டும் திறக்க வேண்டும். வகுப்பறைப் பக்கம் பூட்டியே இருக்கட்டும். வருகிறவர் ஒவ்வொருவரும் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உள்ளே வரட்டும். பிள்ளைகளோடு பழகும் பயிற்சியாளரின் பின்னணியைச் சரிபார்க்காமல் அனுமதிக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. தனி வாசல் இல்லாத பழைய கட்டடங்களில் சிக்கல்தான், அங்கே ஒரு தடுப்புக் கதவு போட வேண்டியிருக்கும்.

இப்படி ஒரே கட்டடத்தைப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துக் கட்டிய ஊர்கள் உண்டு தெரியுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையரில் கல்வி அதிகாரியாக இருந்த ஹென்றி மோரிஸ் 1924லேயே அந்த யோசனையை எழுதி வைத்தார். 1930ல் சாஸ்டனில் முதல் கிராமக் கல்லூரி திறந்தது. பகலில் பள்ளி, மாலையில் ஊர் மக்களுக்கான இடம். நாம் இன்றைக்குக் கடிதம் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருப்பதை அங்கே வரைபடத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

---

மகளின்_பந்து | சனி, மாலை 6:45

கதவு திறந்த பிறகு நடப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் மகள் பதிமூன்று வயது, பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் ஆடுகிறாள். எங்கள் பக்கத்துப் பள்ளி அரங்கம் வார இறுதியில் திறந்தே இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் ஞாயிறு இரவு 8:30 முதல் 9:45 வரை. மறுநாள் பள்ளி. சனி காலை 9 மணி, 11 மணி, மாலை 4 மணி எல்லாம் பல வருஷமாக ஆடும் பெரியவர்கள் குழுக்களிடம் இருக்கின்றன. புதிதாக நேரம் கேட்டால் 'போன வருஷம் யாரிடம் இருந்ததோ அவர்களுக்குத்தான் இந்த வருஷமும் முன்னுரிமை' என்கிறார்கள். போன வருஷம் பெண் பிள்ளைகளுக்குக் குழுவே இல்லை. அப்படியானால் எந்த வருஷம்தான் அவர்களுக்கு முறை வரும்?

எட்டுப் பேராக இருந்த குழு இப்போது ஐந்து பேர். இரவு நேரத்தில் அனுப்ப வீட்டில் மனம் வரவில்லை என்று மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று இனி எழுதி வைத்துவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் 2004ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் இளையோர் விளையாட்டில் மைதானம், நேரம் ஒதுக்குவதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிறது. அதைப் படித்தபோது, நான் கேட்பது ஒன்றும் அதிகப்படி இல்லை என்று தைரியம் வந்தது.

---

நெட்டின்_அந்தப்பக்கம் | சனி, இரவு 8:20

அக்கா, நீங்கள் சொல்லும் அந்தச் சனி காலைக் குழு மாதிரி ஒரு குழுவில்தான் நானும் இருக்கிறேன். பதினொரு வருஷமாக வாலிபால். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

நாங்கள் ஆரம்பித்தபோது அந்த அரங்கத்துக்கு யாரும் வரவில்லை. விளக்கு பாதி எரியாது. நெட் கம்பத்துக்கான குழியை நாங்கள்தான் சரிசெய்தோம், கோடுகளை நாங்கள்தான் போட்டோம். எங்களில் பாதிப் பேர் ஷிப்டு வேலை. சனி காலை என்று நிலையாக இருப்பதால்தான் குழு கலையாமல் இருக்கிறது. வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி நேரத்தை மாற்றினால் ஒரே வருஷத்தில் குழு போய்விடும். நேரம்தான் ஒரு குழுவுக்கு முதுகெலும்பு.

---

மகளின்_பந்து | சனி, இரவு 8:55

தம்பி, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நிலையான நேரம் இருந்தால்தான் குழு நிற்கும் என்கிறீர்களே, அதையேதான் நானும் சொல்கிறேன். பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த முதுகெலும்பு வேண்டும். பெரியவர்கள் இரவு 8:30க்கு வர முடியும். பிள்ளைகளால் முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

---

நெட்டின்_அந்தப்பக்கம் | சனி, இரவு 10:10

இதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. நாளைக்குக் குழுவில் பேசுகிறேன். எங்களுக்கு 9 முதல் 12 வரை இருக்கிறது. உண்மையைச் சொன்னால் 11க்கு மேல் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள்.

---

மணி_ஒலிக்கும்_பந்து | ஞாயிறு, காலை 7:15

பார்வையற்றோருக்கான கோல்பால் பயிற்சியாளர் நான். பலருக்கு இந்த ஆட்டம் தெரிந்திருக்காது. அணிக்கு மூன்று பேர். எல்லோர் கண்ணிலும் கட்டு. பந்துக்குள் மணிகள் இருக்கும், எடை 1.25 கிலோ. வரும் ஒலியைக் கேட்டு உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். கோர்ட் அளவு 18க்கு 9 மீட்டர், வாலிபால் கோர்ட்டின் அதே அளவு. அதனால் எந்தப் பள்ளி அரங்கத்திலும் ஆட முடியும்.

எங்களுக்கு இருக்கும் சிக்கல் விசித்திரமானது. அரங்கத்தை நடுவில் திரை போட்டுப் பிரித்து 'பாதி உங்களுக்கு, பாதி கூடைப்பந்துக்கு' என்று தாராளமாகத் தருகிறார்கள். ஆனால் எங்களுக்கு வேண்டியது அமைதி. பக்கத்தில் பந்து தட்டினால் மணி கேட்காது, கேட்காவிட்டால் முகத்தில் அடி விழும். அதனால் எங்களுக்கு அரை அரங்கம் என்பது பூஜ்யம்தான். முழு அரங்கம் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதும், எந்தக் கிழமை என்றாலும் சரி.

இன்னொன்று, எங்கள் கோடுகளைக் கையால் தடவி உணர வேண்டும். மெல்லிய கயிறு வைத்து அதன் மேல் டேப் ஒட்டுவோம். 'தரை கெட்டுவிடும்' என்று இரண்டு பள்ளிகளில் மறுத்துவிட்டார்கள். பசை விடாத டேப்பை வாங்கி, ஒரு மூலையில் ஒட்டி உரித்துக் காட்டிய பிறகுதான் மூன்றாவது பள்ளியில் சரி என்றார்கள். ஒட்டுவதற்கு நாற்பது நிமிஷம், உரிப்பதற்கு இருபது நிமிஷம். அதையும் ஒதுக்கிய நேரத்துக்குள் சேர்த்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் எழுதிக் கொடுத்தால் இரண்டு மணி நேரம்தான் ஆட்டம். ஒதுக்கும் பிரிவில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயாராகும் நேரத்தை ஆடும் நேரமாக எண்ணாதீர்கள்.

---

கோப்பும்_முத்திரையும் | ஞாயிறு, காலை 11:00

நன்றி. அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் படிவத்தில் 'தொடக்கம், முடிவு' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.

நேரம் ஒதுக்குவதில் நான் பார்த்த பெரிய அநியாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க எழுதி வாங்கிவிட்டு வராமலே இருக்கும் குழுக்கள். காகிதத்தில் அரங்கம் நிறைந்திருக்கும், நேரில் போனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஆள் இருக்காது. பராமரிப்பாளர் மட்டும் உட்கார்ந்திருப்பார். காத்திருப்புப் பட்டியலில் பதினைந்து குழுக்கள் இருக்கும். இரண்டு முறை சொல்லாமல் வராவிட்டால் அந்த நேரம் அடுத்தவருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். மூன்றே மாதத்தில் நான்கு குழுக்களுக்கு இடம் கிடைத்தது. புதிதாக ஒரு செங்கல் கூட வைக்கவில்லை.

அடுத்தது, லாப நோக்கற்ற குழு என்ற பெயரில் சலுகை வாங்கி, உள்ளே ஆள் வைத்துக் காசு வாங்கிப் பயிற்சி நடத்துவது. பயிற்சியாளர் சம்பாதிப்பதில் தவறு இல்லை, அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டுச் செய்யட்டும்.

பொறுப்புக் காப்பீடும் மறக்கக் கூடாது. தனிக் குழுவாக எடுத்தால் சுமையாக இருக்கும். உங்கள் ஆட்டத்துக்கான சங்கத்தில் பதிவு செய்தால் பல இடங்களில் உறுப்பினர் எல்லோருக்குமான காப்பீடு அதிலேயே வந்துவிடும். முதலில் அதை விசாரியுங்கள்.

---

விசில்_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5:40

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

வார இறுதியில் ஆட வருகிறவர்களில் பலர் வாரம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள். நாற்பது, ஐம்பது வயது. திடீரென்று இரண்டு மணி நேரம் பாய்ந்து ஆடுகிறார்கள். இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவி கூட இல்லாத நிலையில், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. அதற்கான ஏ.இ.டி. கருவி பல பள்ளிகளில் இருக்கிறது. எங்கே இருக்கிறது? அலுவலக அறையில். அலுவலக அறை வார இறுதியில்? பூட்டி இருக்கும்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் இப்படித்தான் ஒரு சனிக்கிழமை அரங்கத்தில் சாய்ந்தார். கருவி சுவருக்கு அந்தப் பக்கம், சாவி ஊருக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸ் வரும்வரை கையால் அழுத்திக்கொண்டே இருந்தோம். அவர் பிழைக்கவில்லை.

ஒப்பந்தத்தில் வேறு எதை விட்டாலும் விடுங்கள். கருவி அரங்கத்துக்குள்ளேயே, பூட்டில்லாத பெட்டியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் முதலுதவி தெரிந்த இரண்டு பேர் இருக்க வேண்டும். இதை எழுதி வாங்குங்கள்.

---

தரைத்தளம்_வீடு | ஞாயிறு, இரவு 7:30

ஐயா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. நாளைக்குப் பையனின் பள்ளியில் அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்கப் போகிறேன். பிள்ளைகளுக்கு முதல் மணி நேரம் என்று எழுதினால் என் எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். காவலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் வருகிறேன்.

---

இறகுப்பந்து_ஞாயிறு | ஏழு வாரம் கழித்து, செவ்வாய், இரவு 10:05

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் பள்ளிப் பராமரிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பேசினார். ஞாயிறு தன்னால் முடியவே முடியாது, சனிக்கிழமை மதியம் 2 முதல் 6 வரை என்றால் பார்க்கலாம், ஊதியம் முறையாக வர வேண்டும் என்றார். நாங்கள் ஞாயிறு என்று பிடிவாதமாக எழுதிக்கொண்டிருந்ததே தப்பு. அதற்கப்புறம்தான் தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். நாலாவது கடிதத்தில் தரை, ஷூ, சாவி, காப்பீடு, கருவி எல்லாவற்றையும் எழுதியிருந்தோம். படித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். 'இதை மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த குழு எழுதியிருந்தால் நான் கதவை மூடியிருக்க மாட்டேன்' என்றார். அப்போது என்ன நடந்தது என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நிர்வாகத்தில் எட்டு வாரம் சோதனையாகப் பார்க்கச் சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பராமரிப்பாளரின் ஊதியத்தை நாங்களும் இன்னும் இரண்டு குழுக்களும் பங்கிட்டு, நிர்வாகத்தின் வழியாகவே கொடுக்கிறோம், அவர் கையில் நேராகக் கொடுப்பதில்லை. முதல் மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. போன சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். எங்கள் அறுபத்தெட்டு வயது அம்மாதான் அவர்களுக்கு சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்தார்.

தீராதது ஒன்று இருக்கிறது. கழிவறை அரங்கத்துக்கு வெளியே வகுப்பறைப் பக்கம் இருக்கிறது. தடுப்புக் கதவுக்கு நிதி இல்லை என்கிறார்கள். இப்போதைக்கு ஒருவர் போகும்போது இன்னொருவர் வழியில் நிற்கிறோம். சோதனைக் காலத்துக்கு அப்புறம் இதனாலேயே நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

---

சாவிக்கொத்து | செவ்வாய், இரவு 10:50

தம்பி, தடுப்புக் கதவுக்கு நிரந்தரச் சுவர் வேண்டியதில்லை. மடக்கும் கம்பிக் கதவு போதும், பள்ளி நேரத்தில் சுவரோடு ஒட்டி நிற்கும். ஆனால் அந்த வழி அவசர வழியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் தீயணைப்பு வரைபடத்தில் பாருங்கள். குறிக்கப்பட்டிருந்தால் பூட்டவே கூடாது, உள்ளிருந்து தள்ளித் திறக்கும் மாதிரிதான் போட வேண்டும். அந்தப் பராமரிப்பாளருக்கு வரைபடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

---

நெட்டின்_அந்தப்பக்கம் | புதன், காலை 7:00

மகளின்_பந்து அக்கா, குழுவில் பேச மூன்று வாரம் ஆயிற்று, சண்டையும் வந்தது. 11 முதல் 12 வரை விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். எங்களுக்கு அடுத்து ஆடும் குழுவும் அரை மணி நேரம் தள்ளிக்கொண்டது, அதனால் 12:30 வரை கிடைக்கிறது. உங்கள் அரங்கம் வேறு, எங்கள் அரங்கம் வேறு என்று தெரியும். இங்கே அந்த நேரத்தைக் கேட்டு வந்தது பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகளின் குழு.

---

மகளின்_பந்து | புதன், காலை 9:20

தம்பி, நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தை எனக்கு அனுப்ப முடியுமா? எங்கள் அரங்கத்துச் சனி காலைக் குழுவிடம் அதை அப்படியே காட்டப் போகிறேன்.